அழையாமல் வரும் அழைப்பு

புனேயின் பழைய பேட்டைகளில் மதியம் ஒரு மணி ஆனால் தெரு அடங்கிவிடும். சதாசிவ் பேட், நாராயண் பேட் பக்கம் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனால் நாலு மணிக்குத்தான் திரும்பி வருவார்கள். ஊரே கொண்டாடும் சிதளே பந்து மிட்டாய்க் கடையும் பல காலம் 1 மணியிலிருந்து 4 மணி வரை மூடித்தான் கிடந்தது. 2017இல் அந்தக் கடை மதியமும் திறந்திருக்கும் என்று சொன்னபோது அது நாளிதழில் செய்தியாக வந்தது. வீட்டு வாசல்களிலும் இதே கண்டிப்பு உண்டு. மதியம் மணி அடிக்காதீர்கள், விற்பனையாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று கறாராக எழுதி மாட்டியிருப்பார்கள். ‘புணேரி பாட்யா’ என்று மகாராஷ்டிரம் முழுக்கப் பெயர் பெற்ற பலகைகள் இவை.

அதே புனேயின் கோத்ரூட் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆஜி வாசலிலும் அப்படியொரு பலகை தொங்குகிறது. ஆஜி என்றால் பாட்டி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பலகையை மீறி யாரும் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் செல்போன் பலகையைப் படிப்பதில்லை. இரண்டரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடிக்கும். தூக்கம் கலைந்த குரலில் ஆஜி கேட்பார்: “கோண் போல்தய்?”

யார் பேசுறது என்று அர்த்தம். புனேக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வியின் இலக்கணம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மராத்தியில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என மூன்று பால் உண்டு. எதிர்முனையில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாதபோது வினைச்சொல் ஒன்றன்பாலுக்குப் போய்விடுகிறது. தமிழிலும் நாம் “யார் பேசுறான்?” என்றோ “யார் பேசுறா?” என்றோ கேட்பதில்லை. “யாருங்க பேசுறது?” என்கிறோம். அந்தத் ‘து’ அஃறிணை ஒருமைக்கு உரிய ஈறு. ஒன்று ஆரிய மொழிக் குடும்பம், மற்றது திராவிடம். இரண்டும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. முகம் தெரியாத குரலுக்கு முதலில் ஆண், பெண் என்ற பால் இல்லை. பெயர் சொன்ன பிறகுதான் அது மனிதராகிறது. “மீ அமுக் போல்தோய்” என்பார் மராத்தியர். “நான் இன்னார் பேசுறேன்” என்போம் நாம்.

கேட்காமல் வரும் அழைப்புகளின் கதையே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மணி அடிப்பதற்கும் ‘இன்னார்’ என்று தெரிவதற்கும் நடுவே சில நொடிகள். அந்த நொடிகளில் யார் எந்தப் பெயரை முதலில் சொல்கிறாரோ அவர் கையில் பிடி போய்விடுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் 1968இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு நகரத்தின் போலீஸ் தொலைபேசியில் பதிவான சுமார் 500 உரையாடல்களின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். போனை எடுத்தவர்தான் முதலில் பேசுகிறார் என்ற விதி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தியது. ஒன்றே ஒன்றில் மட்டும் எடுத்தவர் பேசாமல் இருக்க, கூப்பிட்டவர் முதலில் “ஹலோ” என்றிருந்தார். ஒன்றுதானே என்று ஷெக்லாஃப் ஒதுக்கவில்லை. அந்த ஒன்றுக்கும் பொருந்தும் விளக்கம் வேண்டும் என்று தேடினார். கிடைத்த விளக்கம் எளியது: மணியோசையே ஒரு கூப்பாடு. தெருவில் நின்று “ஏங்க!” என்று கூப்பிடுவது போல. “ஹலோ” என்பது அதற்கான பதில். பதில் வராதபோது கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுகிறார். அந்த ஒற்றை உரையாடலில் நடந்தது அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாத நம் பழக்கத்தில்தான் தொலைபேசி மணியின் பலம் இருக்கிறது. கடன் விற்பவரும் மோசடிக்காரரும் நம்பியிருப்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

“ஹலோ” தொலைபேசிக்கென்று பிறந்த சொல்லும் இல்லை. ஆங்கிலத்தில் கவனத்தை ஈர்க்கப் போடும் சத்தமாக இருந்தது. 1877 ஆகஸ்டில் எடிசன் எழுதிய கடிதம் ஒன்றில் தொலைபேசியில் கூப்பிட அந்தச் சொல் போதும் என்றார். கிரகாம் பெல்லுக்குப் பிடித்தது கப்பல்காரர்களின் “அஹோய்”. எடிசன் சொன்னது நிலைத்தது. மகாராஷ்டிர அரசு 2022 அக்டோபரில், தன் ஊழியர்கள் ஹலோவுக்குப் பதில் “வந்தே மாதரம்” சொல்லலாம் என்று ஆணை பிறப்பித்தது. கட்டாயமில்லை, ஊக்கப்படுத்துகிறோம் என்றது. அரசாணை போட்டு மாற்றப் பார்க்கும் அளவுக்கு அந்த முதல் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது.

இயந்திரங்களுக்கும் அந்தச் சொல்லின் மதிப்பு தெரியும். தெரியாத எண்ணை எடுத்து “ஹலோ” என்றதும் ஓரிரு நொடி அமைதி, பிறகு கூட்ட இரைச்சலோடு ஒரு குரல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கால் சென்டர்களில் ‘பிரெடிக்டிவ் டயலர்’ என்ற மென்பொருள் செய்யும் வேலை அது. எத்தனை பேர் போனை எடுப்பார்கள், ஓர் ஊழியர் சராசரியாக எவ்வளவு நேரம் பேசுவார் என்று கணக்குப் போட்டு, இருக்கிற ஊழியர்களைவிட அதிக எண்களுக்கு ஒரே நேரத்தில் டயல் செய்யும். எடுத்தது மனிதரா, பதிவு செய்த குரலா என்று முதலில் காது கொடுத்துக் கேட்கும். மனிதர் ஒரு சின்னச் சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். பதிவுக் குரல் நிறுத்தாமல் நீளமாகப் பேசும். உங்கள் “ஹலோ”வும் அதன் பின்னால் வரும் மௌனமும்தான் நீங்கள் மனிதர் என்பதற்கான சான்று. அதன் பிறகே அழைப்பு ஊழியர் ஒருவருக்குப் போகிறது. அந்த நொடியில் ஊழியர் யாரும் ஓய்வாக இல்லையென்றால் யாரும் பேசவே மாட்டார்கள். பிரிட்டனில் இதற்கு ‘சைலண்ட் கால்’ என்று பெயர். நம் ஊரில் பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டு மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைக்கும் அற்பர்கள் இருந்தார்கள். அதை ‘பிளாங்க் கால்’ என்றோம். அன்று பயந்த பெண்களில் சிலருக்கு இன்றும் அந்த அமைதி வயிற்றைக் கலக்குகிறது. எதிர்முனையில் இருப்பது ஆள் இல்லை, ஒரு கணக்கு என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தார். அவர் போனுக்கும் நாள் தவறாமல் இந்த அழைப்புகள் வந்தன. “ஏய்யா, யாரோ இந்தில பேசுதான்” என்று முதல் நாள் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் நாளிலிருந்து தானே சமாளித்துக்கொண்டார். எந்தக் குரல் வந்தாலும், எந்த மொழியில் வந்தாலும் ஒரே பதில்: “ராங் நம்பருங்க.” தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, புனேயை ஒட்டிய ஹிஞ்சவடியில் அடுக்குமாடி வீடு எல்லாமே அவருக்கு ராங் நம்பர்தான். “அவங்க சரியாத்தாம்மா உங்க நம்பருக்குப் போடுறாங்க” என்றேன். “எனக்குத் தெரியாதவங்க எனக்கு எதுக்குய்யா போடணும்? தப்பான நம்பர்தானே அது?” என்றார். கேட்காமல் வரும் அழைப்புக்கு நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் தெளிவானது. சட்டமும் சுற்றி வந்து இதையேதான் சொல்கிறது.

போன் சம்பந்தமான பேச்சுத் தமிழ் எத்தனை வளமானது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. போன் போடுகிறோம், அடிக்கிறோம், எடுக்கிறோம், வைக்கிறோம். லைன் போகிறது, கிடைக்கவில்லை, எங்கேஜ்டாக இருக்கிறது. மராத்தியில் “போன் லாவ்” என்பார்கள், போனை ஒட்டவை, பொருத்து என்கிற மாதிரி. கிடைக்காவிட்டால் “லாகத் நாஹி”, ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் “நேற்று உங்களுக்குக் கோல் எடுத்தனான்” என்றபோது குழம்பிப்போனேன். என்னிடமிருந்து போன் வந்து அவர் எடுத்தாரா? இல்லை, அவர் எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் மணி அடித்தபின் எடுப்பது ‘எடுத்தல்’. அங்கே மணியை அடிக்க வைப்பதே ‘எடுத்தல்’. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் போட்ட காலத்துச் சொற்கள் ஒரு தலைமுறையோடு போய்விட்டன. எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்ற மூன்று வேகங்களும், பக்கத்து வீட்டு எண்ணைத் தன் முகவரிச் சீட்டில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்ட பழக்கமும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960இல், நாமே எண்ணைச் சுழற்றி வெளியூரைக் கூப்பிடும் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. பிறகு எஸ்.டி.டி. என்ற மூன்று எழுத்துகள் தெருமுனைக் கடையின் பெயராகவே ஆகிவிட்டன.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ‘மிஸ்டு கால்’. ஆங்கிலத்தில் அது தற்செயலாக நடப்பது. எடுக்கத் தவறிய அழைப்பு. நாம் அதைக் கொடுக்கும் பொருளாக மாற்றிவிட்டோம். “வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு.” மராத்தியிலும் இந்தியிலும் “மிஸ் கால் மார்”, அடி என்பார்கள். தவறியதை எப்படிக் கொடுப்பது? தொழில்நுட்பத்தில் இருக்கிறது பதில். எண்ணை அழுத்தியதும் முதலில் போவது குரல் இல்லை, சமிக்ஞை. அது வலைப்பின்னலில் உங்கள் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து மணியடிக்கச் சொல்கிறது. கட்டண மீட்டர் ஓடத் தொடங்குவது மறுமுனையில் எடுத்த பிறகுதான். மணியடிக்கும் நேரம் இலவசம். 1995இல் இந்தியாவில் செல்போன் வந்தபோது பேச நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வரும் அழைப்புக்கும் காசு. 2003 மே மாதம் வரும் அழைப்புகள் இலவசமாயின, ஆனால் போகும் அழைப்புக்குக் காசு இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த அந்த இலவச மணியோசையில் ஒரு மொழியே உருவானது. ஒரு மணி என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் கீழே வா. ஆட்டோக்காரரும் பால்காரரும் கல்லூரிப் பிள்ளைகளும் காதலர்களும் அதில் பேசினார்கள்.

உலகம் முழுக்க ஏழைகள் இதைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ‘பீப்’ அல்லது ‘ஃபிளாஷ்’, இத்தாலியில் ‘ஸ்குயில்லோ’. ருவாண்டாவில் ஆராய்ந்த ஜொனாதன் டோனர் 2007இல் எழுதிய கட்டுரையில் இதற்கென்று ஊரறிந்த விதிகள் இருப்பதைக் காட்டினார். முக்கியமான விதி: காசு உள்ளவர்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். நம் வீடுகளிலும் அப்படித்தானே? மகன் அப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பான். வேலைக்குப் போய்விட்ட பிறகு அப்பா மகனுக்குக் கொடுப்பார். திசை மாறும் அந்த நாளை வீட்டில் எல்லாரும் கவனித்திருப்பார்கள். 2011இல் ராலேகண் சித்தி ஊர்க்காரரான சமூகப் போராளி அண்ணா ஹசாரே ஊழலுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தபோது மிஸ்டு கால் கொடுத்து ஆதரவைப் பதிவு செய்தவர்கள் ஏராளம்.

கைகொடுத்த அதே தந்திரம் களவுக்கும் போனது. ஜப்பானில் 2000களின் தொடக்கத்திலேயே ‘வன்கிரி’ என்ற சொல் பிறந்துவிட்டது. ஒரு தடவை அடித்துவிட்டு வெட்டுவது என்று பொருள். தெரியாத எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி. ஆவலில் திருப்பிக் கூப்பிட்டால் அது அதிகக் கட்டண எண். தொலைபேசி நிறுவனங்களுக்கு இடையிலும் மிஸ்டு காலால் சண்டை நடந்திருக்கிறது. 2019இல் ஓர் அழைப்பு எந்த நிறுவனத்திலிருந்து போகிறதோ அது மற்றதற்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும் என்ற விதி இருந்தது. ஜியோ தன் வாடிக்கையாளர்களின் போகும் அழைப்பில் மணியடிக்கும் நேரத்தைக் குறைக்கிறது, எடுப்பதற்குள் வெட்டுப்பட்டு மிஸ்டு கால் ஆகிறது, எங்கள் ஆட்கள் திருப்பிக் கூப்பிடும்போது நாங்கள் காசு கட்ட வேண்டியிருக்கிறது என்று போட்டியாளர்கள் புகார் சொன்னார்கள். செல்போனுக்கு 30 நொடி, வீட்டுத் தொலைபேசிக்கு 60 நொடி மணியடிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த நவம்பரில் நிர்ணயித்தது.

ஏழைகளின் சொல்லிலிருந்து சட்டத்தின் சொல்லுக்கு வருவோம். டிராய் 2007இல் விதிமுறை கொண்டுவந்து, விளம்பர அழைப்பு வேண்டாதவர்கள் பெயரைப் பதிய ‘டூ நாட் கால்’ பதிவேட்டைத் தொடங்கியது. கேட்காமல் வரும் வணிக அழைப்பு என்பதுதான் சட்டம் வைத்த பெயரின் சாரம். 2010இல் புது விதிமுறை வந்து, 2011 செப்டம்பரில் நடைமுறையானது. அப்போது பதிவேட்டின் பெயர் ‘வாடிக்கையாளர் விருப்பப் பதிவேடு’ என்று மாறியது. பெயர் மாற்றம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் முதல் பெயரில் குடிமகன் “கூப்பிடாதே” என்கிறான். இரண்டாவதில் அவனிடம் “உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்?” என்று கேட்கப்படுகிறது. வங்கி, வீடுமனை, கல்வி, உடல்நலம் என்று பட்டியலில் எது வேண்டும் எது வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். 2018 விதிமுறையில் நேரத்தையும் கிழமையையும்கூடத் தேர்ந்தெடுக்கலாம். ஆஜியின் வாசல் பலகையைச் சட்டத்துக்குள் மாட்ட முடியும் என்று இதற்கு அர்த்தம். அதற்கு 1909 என்ற எண்ணைத் தொடர்புகொள்ள வேண்டும். அதை ஆஜிக்கு நான் செய்து கொடுத்தேன். பதிவு பெற்ற நிறுவனங்களின் தொல்லை குறைந்தது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து பதிவு செய்யாமல் கூப்பிடுபவர்கள் நிற்கவில்லை. பட்டியலை மதிப்பவர்களை மட்டும் தடுக்கிற பட்டியல் அது.

எண்களே இப்போது சொற்களாகி வருகின்றன. 140 என்று தொடங்கினால் விளம்பரம். 1600 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்பு. 2025இல் வந்த திருத்தத்தின்படி குறுஞ்செய்தி அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. புகார் கொடுக்க முன்பு மூன்று நாள்தான் அவகாசம். இப்போது ஏழு நாள். இதையெல்லாம் நம் பெரியவர்களுக்கு யார் தமிழில் சொல்லிக்கொடுத்தார்கள்?

தமிழில் ‘அழைப்பு’ என்றாலே இரண்டு பொருள். கூப்பிடுவதும் அழைப்புதான், கல்யாணத்துக்கு வரச் சொல்வதும் அழைப்புதான். அழையா விருந்தாளி என்ற சொல் நம்மிடம் காலகாலமாக இருக்கிறது. அழையா அழைப்புக்குத்தான் சொல் இல்லை. ‘லோன் கால்’ என்கிறோம், ‘கம்பெனி கால்’ என்கிறோம், ‘கஸ்டமர் கேர்ல இருந்து’ என்கிறோம். பொருள் விற்பவனையும் பணம் பறிப்பவனையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். இதை வெறும் மொழிப் பற்றினால் சொல்லவில்லை. பெயர் தெரிந்த தந்திரம் பாதி தோற்றுவிடுகிறது என்பதற்கு ஜப்பான் எடுத்த முயற்சியைச் சொல்கிறேன்.

அங்கே முதியவர்களுக்குப் போன் போட்டு “நான்தான், நான்தான்” என்பார்கள். கேட்பவர் தன் பேரன் பெயரைத் தானே சொல்லிவிடுவார். உடனே அந்தப் பேரனாகி, விபத்து, பணம் வேண்டும் என்பார்கள். இது இத்தனை எளிதாக நடந்ததற்கு ஓர் இயற்பியல் காரணமும் உண்டு. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு அந்த எல்லைக்குக் கீழே. ‘ஸ’ போன்ற ஒலிகளின் வலு பெரும்பாலும் எல்லைக்கு மேலே. இரண்டு பக்கமும் நறுக்கப்பட்ட குரலை நம் மூளை நினைவிலிருந்து இட்டு நிரப்பிக்கொள்கிறது. பாட்டியின் மூளை பேரனை இட்டு நிரப்பியது. இந்த மோசடிக்கு ‘ஒரெ ஒரெ சகி’, ‘நான்தான் நான்தான் மோசடி’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 2004இல் காவல்துறை அதைப் ‘பணம் போடு மோசடி’ என்று விரிவாக்கியது. தந்திரம் மாற மாறப் பெயர் பொருந்தாமல் போனதால் 2013இல் தோக்கியோ போலீஸ் பொதுமக்களிடமே புதுப் பெயர் கேட்டுப் போட்டி வைத்தது. தேர்வானது ‘அம்மா காப்பாத்து மோசடி’. பழைய பெயரே பேச்சில் நிலைத்தது வேறு விஷயம். மோசடிக்காரன் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தையே மோசடியின் பெயராக வைத்ததுதான் முக்கியம். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் பெயர் நினைவுக்கு வரும்.

நாம் செய்திருப்பது நேர் எதிர். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற பெயரை வைத்தவன் மோசடிக்காரன். வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து, உங்கள் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டது, இனி நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், யாரிடமும் பேசக் கூடாது என்கிறான். ஓய்வூதியர்களின் ஊர் என்று பெயர் எடுத்த புனேயில் வாழ்நாள் சேமிப்பை இப்படி இழந்தவர்களின் செய்தி இல்லாத மாதம் அரிது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமர் வானொலி உரையில் இதைச் சொன்னார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இந்த மோசடியை விசாரணைக்கு எடுத்தது. ஆனால் நாளிதழும் தொலைக்காட்சியும் எச்சரிக்கை விளம்பரமும் அவன் வைத்த பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தினமும் ‘டிஜிட்டல் கைது’ என்று படிக்கிற எழுபது வயதுக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதாகத்தான் மனதில் பதியும். கைது என்ற சொல்லில் சட்டத்தின் கனம் இருக்கிறது. அதை அவனுக்கு நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ‘போலி போலீஸ் மோசடி’ என்று எழுதுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே மோசடி’ என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவன் தவறாமல் சொல்லும் வாக்கியம் அதுதான்.

ஆஜியிடம் இதை மராத்தியில் சொல்லிவிட்டேன். நீங்கள் இன்று இரவு ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போடும்போது உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். போனில் யாரும் யாரையும் கைது செய்ய முடியாது. யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அந்த நிமிடமே போனை வைத்துவிட்டு வீட்டில் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணை அவர்கள் வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.